வேலை கிடைத்துவிட்டது, சொல்லித்தர ஆளில்லை: முதல் 3 மாதங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மூன்றாம் நாள் காலை பத்தரை மணி. எனக்குப் பழக்கித் தரவேண்டிய அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு. அடகுக் கவுண்டரில் நான் தனியே நிற்கிறேன். வெளியே ஐப்பசி மழை. உள்ளே, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்தவர்கள் பதினைந்து பேர், நனைந்த குடைகளோடு. பெரும்போக விதைப்புக் காலம் அது. விதைநெல், உழவுக்கூலி, பசளை என்று காசு வேண்டியிருக்கும் மாதத்தில்தான் எங்கள் பக்கத்து நகைகள் பெட்டியை விட்டு வெளியே வரும். தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்று முந்தின நாள் பார்த்திருந்தேன். பார்த்திருந்தேன், அவ்வளவுதான். கையால் செய்ததில்லை.

அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மட்டக்களப்புக்குத் தெற்கே ஒரு நிதி நிறுவனத்தின் சிறிய கிளை. பதினொரு வருடங்களுக்குப் பிறகு, இப்போது வேறோர் இடத்தில், புதிதாக வருபவர்களைப் பழக்குவதும் என் வேலைகளில் ஒன்று. வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கிறார்கள்: “எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள்.” கல்முனையில் மருந்துக்கடையில் சேர்ந்த தம்பியும், பாசிக்குடா ஹோட்டலில் வரவேற்பில் நிற்கும் தங்கையும் என்னிடம் இதையேதான் சொன்னார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் நாள்: எந்தத் தவறைத் திருத்த முடியாது என்று கேளுங்கள்

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பழகிவிட வேண்டும் என்று தொடங்குகிறவருக்குத்தான் தலை சுற்றுகிறது. ஒரு கிளையில் நடக்கும் வேலைகளைப் பட்டியலிட்டால் எண்பது தொண்ணூறு வரும். அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிழையாகச் செய்தால் யாராவது முகத்தைச் சுளிப்பார்கள், நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். படிவத்தைத் தவறான கோவையில் போடுவது, முகாமையாளர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் நீங்கள் இடுவது, தேதியை மாற்றி எழுதுவது எல்லாம் இந்த வகை.

இன்னொரு வகை உண்டு. அது நான்கைந்துக்கு மேல் இராது. அடகுக் கவுண்டரில் அது இப்படி: போலி நகையைத் தங்கமென்று எடுப்பது, எண்ணாமல் காசு கொடுப்பது, மீட்க வந்தவரின் அடையாள அட்டையைப் பார்க்காமல் நகையைக் கையளிப்பது, உங்கள் கடவுச்சொல்லை இன்னொருவர் பாவிக்க விடுவது. மருந்துக்கடையில் ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு பெயர்களும், மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் உள்ள இடைவெளியும். சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலையில் ஓடிக்கொண்டிருக்கும் பட்டிக்குப் பக்கத்தில் கை. ஹோட்டலில், இறால் ஒத்துக்கொள்ளாது என்று விருந்தினர் சொன்னதைச் சமையலறைக்குச் சொல்ல மறப்பது. பாலர் பாடசாலையில், பிள்ளையை யாரோடு அனுப்பலாம், யாரோடு அனுப்பக்கூடாது என்பது.

ஆகவே முதல் நாளே, அனுபவமுள்ள ஒருவரிடம் இப்படியே கேளுங்கள்: “அக்கா, இங்கே எந்தப் பிழையை விட்டால் திருத்த முடியாது?” இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மறுத்தவரை நான் கண்டதில்லை. கதைகள் வரும். போன வருடம் ஒருவர் செய்தது, அதற்கு முந்தின வருடம் வேலை போனவர் செய்தது. அந்தக் கதைகள்தான் உங்கள் உண்மையான பயிற்சிப் புத்தகம். கிடைத்த பதில்களை எழுதி, அந்த நான்கைந்தையும் யாராவது பக்கத்தில் நின்று பார்க்க, நீங்கள் ஒருமுறையாவது செய்துவிடுங்கள். அதுவரை தனியே செய்யச் சொன்னால் மறுக்கலாம். மறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது: “சேர், இதை நான் ஒருமுறைகூடச் செய்து பார்க்கவில்லை. நீங்கள் பக்கத்தில் நின்றால் இப்போதே செய்கிறேன்.” முடியாது என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் கோபப்பட ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் இந்த வசனம் எனக்கு வாயில் வரவில்லை. அதன் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

வாயால் சொன்னால் வருவது, கையால் செய்தால் வருவது

உரைகல்லில் நகையை இழுத்தால் ஒரு கோடு விழும். அதன்மேல் நைத்திரிக் அமிலம் ஒரு துளி. பித்தளைக் கோடு பச்சையாகிக் கரைந்து போகும், 22 கரட் கோடு நிற்கும். சொல்ல நான்கு வசனம் போதும். ஆனால் எவ்வளவு அழுத்தி இழுப்பது, முலாம் பூசிய சங்கிலியில் மேற்பூச்சின் கோட்டை மட்டும் பார்த்து ஏமாறாமல் எந்த இடத்தில் உரைப்பது, அரக்கு நிரப்பிய காப்பைக் கையில் எடுத்ததும் எப்படிச் சந்தேகப்படுவது, இதெல்லாம் முப்பது நாற்பது நகைகளைத் தொட்ட பிறகுதான் வரும்.

எந்த வேலையிலும் இந்த இரண்டு வகையும் கலந்தே இருக்கின்றன. எந்தத் திரையில் எந்தப் பொத்தானை அழுத்துவது, யாருக்கு எந்தப் பிரதி போகும் என்பவற்றை எழுதி வைத்தால் போதும். ஊசி மருந்து ஏற்றுவது, கோபமாக வந்தவரை இருக்க வைப்பது, வகுப்பை அமைதியாக்குவது, கலவைச் சாந்தின் பதம் பார்ப்பது போன்றவற்றுக்கு நேரம் வேண்டும். புதியவர்கள் பலர் இரண்டாவது வகை முதல் வாரத்திலேயே வரவில்லையே என்று அழுகிறார்கள். முதல் வகையை எழுதி வைக்காமல் நாலாவது தடவையும் கேட்கிறார்கள். இரண்டும் தலைகீழ்.

கைப்பழக்கத்துக்கு ஆறுதலான நேரத்தைத் தேடிக்கொள்ளுங்கள். எங்கள் கிளைக்கு வெள்ளிக்கிழமை நண்பகல் அமைந்தது. ஜும்ஆத் தொழுகைக்காகப் பக்கத்துக் கடைகள் பூட்டியிருக்கும், தெரு வெறிச்சோடும். அந்த ஒரு மணித்தியாலத்தில் அந்த அக்கா தன் பழைய தோடு, ஒரு பித்தளைச் சாவி, உடைந்த முலாம் வளையல் மூன்றையும் மேசையில் பரப்பி, கண்ணை மூடச் சொல்லிக் கையில் வைத்து எடையைச் சொல்லச் சொல்வார். ஐந்து வெள்ளிக்கிழமைகள். முறையாக நான் பெற்ற பயிற்சி அவ்வளவுதான், அதுவும் அவருடைய சாப்பாட்டு நேரத்தில்.

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள்

கைத்தொலைபேசியில் குறிப்பெடுக்காதீர்கள். வேலை நேரத்தில் தொலைபேசியைப் பார்ப்பவர் என்று பெயர் வரும், நீங்கள் என்ன எழுதினாலும். கடினமான அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று போதும். இடப்பக்கத்தில் ஒரு வேலையின் படிகள், நீங்கள் செய்த வரிசையில், அங்குள்ளவர்கள் சொல்லும் சொற்களிலேயே. வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அந்த வேலையில் எப்போது பிழை வந்தாலும், விதிவிலக்கு வந்தாலும், அங்கே தேதியோடு ஒரு வரி. இரண்டு மாதத்தில் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடப் பெறுமதியாகிவிடும்.

வாடிக்கையாளர்களின் பெயர், கணக்கு இலக்கம், கடவுச்சொல் மூன்றையும் அதில் எழுதவே கூடாது. கொப்பி பஸ்ஸில் மறந்துபோகக்கூடிய பொருள்.

பின்னேரம் வீட்டுக்குப் போவதற்கு முன் பத்து நிமிடம் அன்றைய குறிப்பைத் துப்புரவாக எழுதுங்கள். பஸ்ஸில் எழுதலாம் என்று நினைக்காதீர்கள். கல்முனை வீதியில் ஐந்து மணி பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தால் மறு கை சாப்பாட்டுப் பெட்டிக்குத்தான் போதும்.

கேட்பது எப்படி

“எனக்கு இது விளங்கவில்லை” என்று கேட்டால் பழக்குகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவருக்கு அலுப்பு, உங்களுக்கு வெட்கம். “இதுவரை செய்துவிட்டேன், இந்த இடத்தில் நிற்கிறேன். அடுத்தது இதுவா, அதுவா?” என்று கேட்டால் அவர் ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போவார். அவசரமில்லாத கேள்விகளைச் சேர்த்து வைத்து, கூட்டம் குறைந்த பிறகு ஒரே தடவையில் கேளுங்கள். திருத்த முடியாத அந்த நான்கைந்து பற்றிய கேள்வி என்றால் மட்டும், எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், அந்த நிமிடமே.

வரிசையில் நிற்கிறவர் முன்னால் தெரியாத முகம் காட்டவேண்டி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. “கொஞ்சம் இருங்கள் ஐயா, பிழை வராமல் கேட்டுச் செய்கிறேன்” என்றால் எங்கள் ஊர் ஆட்கள் பொறுப்பார்கள். தங்கள் நகையைப் பற்றி ஊகம் செய்கிற பிள்ளையைவிடக் கேட்டுச் செய்கிற பிள்ளையைத்தான் அவர்கள் நம்புவார்கள்.

மேலதிகாரியைத் தவிர வேறு ஆட்களையும் கவனியுங்கள். எங்கள் கிளையின் காவலாளி ஐயாவுக்கு எந்த வாடிக்கையாளர் யாருக்கு உறவு, யார் பேரில் யார் மீட்க வருவார் என்பதெல்லாம் தெரியும். கணினிக்கு அது தெரியாது.

சிலர் சொல்லித் தரமாட்டார்கள். தொழிலைக் கற்றுக்கொடுத்தால் தங்கள் இடம் போய்விடும் என்று பயம். அவர்களோடு மல்லுக்கட்டுவது வீண். அவர்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று கோவையைத் தூக்கிக் கொடுங்கள், பார்க்கலாம். பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது.

இரண்டாம் வாரம்: முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்

பெரும்பாலானோர் விடுகிற படி இது. பயிற்சி தரவில்லை என்று வீட்டில் சொல்வோம், சிநேகிதியிடம் சொல்வோம், தரவேண்டியவரிடம் சொல்லமாட்டோம். முகாமையாளருக்கு மின்னஞ்சலோ குறுந்தகவலோ ஐந்து வரியில் போதும். நான் புதியவர்களுக்குக் கொடுக்கும் மாதிரி இது:

“வணக்கம் சேர். சேர்ந்து இரண்டு வாரம் முடிகிறது. பணம் வாங்குவது, பற்றுச்சீட்டு எழுதுவது இரண்டையும் தனியே செய்கிறேன். நகை மதிப்பீடும் நாள் முடிவுக் கணக்கும் இன்னும் தனியே செய்யவில்லை. இந்த இரண்டையும் யாரிடம் பழகலாம் என்று சொன்னால் நல்லது. செவ்வாய், வெள்ளி நண்பகலில் அரை மணித்தியாலம் கிடைத்தால் போதும். அதுவரை மதிப்பீட்டை வேறொருவர் சரிபார்த்த பிறகே பணம் கொடுக்கிறேன்.”

கடைசி வரியைக் கவனியுங்கள். பழக்காமல் விட்டதன் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதை அது சண்டையில்லாமல் பதிந்துவிடுகிறது. பதில் வராவிட்டாலும் உங்களிடம் தேதி இருக்கிறது.

மொழி

தலைமை அலுவலகம் கொழும்பில் இருந்தால் தொலைபேசி சிங்களத்தில்தான் ஒலிக்கும். அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தில், கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ திருக்கோவிலிலோ அரச வேலையில் சேர்ந்தவருக்கு மாவட்டச் செயலகம் அம்பாறை நகரில், அங்கே பேச்சும் கடிதமும் பெரும்பாலும் சிங்களம். பாதிப் பதற்றம் வேலையால் வருவதில்லை, இதனால் வருகிறது. முழு மொழியையும் உடனே படிக்கத் தேவையில்லை. உங்கள் மேசையில் புழங்கும் முப்பது சொற்களை முதலில் பிடியுங்கள். எனக்கு அவை ‘உகஸ்’ என்றால் அடகு, ‘பொலிய’ என்றால் வட்டி, ‘அத்சன’ என்றால் கையொப்பம் என்று தொடங்கின. தொலைபேசியில் அரைகுறையாக விளங்கிய கட்டளையை நிறைவேற்றாதீர்கள். “மின்னஞ்சலில் அனுப்புங்கள், உடனே செய்கிறேன்” என்ற ஒரு வசனத்தைச் சிங்களத்தில் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரச அலுவலகத்தில் சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் எதிர்மாறான பிரச்சினை: மேசை இருக்கிறது, வேலை தரமாட்டார்கள். அப்படியானால் உங்கள் விடயத்தின் பழைய கோவையை வாங்கி, அடியிலிருந்து மேலே, ஒரு வருடக் கடிதங்களை வாசியுங்கள். யார் யாருக்கு எப்படி எழுதுகிறார் என்பது அதில்தான் இருக்கிறது. தாபன விதிக்கோவையில் லீவு பற்றிய பகுதியையும், உங்கள் விடயத்தோடு தொடர்புள்ள நிதிப் பிரமாணங்களையும் அப்போதே வாசித்தால், அரச ஊழியர் எழுதவேண்டிய தடைதாண்டல் பரீட்சைக்கும் உதவும்.

பிழை விட்ட நாள்

மூன்றாம் நாளுக்கு வருகிறேன். மண்டூரிலிருந்து வந்த ஒரு அம்மாவின் கல் அட்டியல். மொத்த எடை 31.4 கிராம். கல்லுக்கும் அரக்குக்கும் 4.2 கிராம் கழித்துத் தேறிய எடை 27.2 என்று எழுதியிருக்க வேண்டும். நான் இரண்டு கட்டத்திலும் 31.4 எழுதினேன். கிட்டத்தட்ட அரைப் பவுணுக்குரிய காசு கூடுதலாகப் போயிற்று.

பின்னேரம் மூன்றே முக்காலுக்குப் பதிவேட்டில் பிரதி எழுதும்போதுதான் ஒரே எண் இரண்டு தரம் நிற்பதைக் கண்டேன். காது சுட்டது. இருபது நிமிடம் ஒன்றும் செய்யாமல், அந்தப் பக்கத்தின் மேல் மட்டத்தடியை வைத்து மறைத்துக்கொண்டு இருந்தேன். என் சம்பளத்தில் எத்தனை மாதம் என்று கணக்குப் பார்த்தேன். பிறகு எழுந்து போய்ச் சொன்னேன். முகாமையாளர் சத்தம் போடவில்லை. “எத்தனை கிராம்? ஆளின் தொலைபேசி இலக்கம் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா மறுநாள் காலை குருமண்வெளிக்கு வாவியைக் கடந்து ‘பாதை’யில் வந்து மிச்சக் காசைத் திருப்பித் தந்தார். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரைப்படுத்தும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். புதிய சீட்டு எழுதினோம். அவர் அந்தக் காசை அன்று பின்னேரமே பசளைக் கடையில் கொடுத்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். அந்த இருபது நிமிடத்தைத்தான் நான் இன்றும் வெட்கத்தோடு நினைக்கிறேன், எடையை அல்ல.

சொல்லும்போது மூன்று வசனம்: என்ன நடந்தது, எவ்வளவு, இதுவரை என்ன செய்தேன். யாரும் பழக்கவில்லை என்பது உண்மையாக இருந்தாலும் அதை அடுத்த நாளுக்கு வையுங்கள். முதல் வசனமாக வந்தால் சாட்டு என்றுதான் கேட்கும்.

காசு குறைந்தால் சொந்தக் காசைப் போட்டு நிரப்பாதீர்கள். புதிய காசாளர்கள் பயத்தில் இதைச் செய்கிறார்கள். பிறகு உண்மையான காரணம் வெளிவரும்போது நீங்கள்தான் ஒளித்தவர் ஆகிறீர்கள். அதற்குப் பதிலாக வித்தியாசத்தைப் பாருங்கள். அது 9 ஆல் மிச்சமின்றிப் பிரிபட்டால் இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம்: 5,400 என்பதை 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900. வித்தியாசத்தின் சரிபாதிக்கு ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். 3,000 வித்தியாசம் என்றால், 1,500 ஒன்று வரவுக்குப் பதில் செலவில் விழுந்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் நோட்டுக் கட்டுகளைத் திரும்ப எண்ணுங்கள்.

முதல் மாதம் முடிவதற்குள் பார்க்கவேண்டிய கடதாசிகள்

கடை, அலுவலகம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பொருந்தும். நியமனக் கடிதம் தருவது தொழில்தருநரின் கடமை. சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் வேலை செய்தால் மணித்தியாலத்துக்கு ஒன்றரை மடங்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், நிறுவனத்திடமிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் மட்டும் 3 வீதம். “பயிலுநர்தானே, ஆறு மாதம் போகட்டும்” என்று சொல்வார்கள். சேமலாப நிதி தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் தற்காலிகமாக வேலை செய்பவருக்கும் உரியது. தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் இதைக் கேட்டு உறுதிப்படுத்தலாம்.

பற்றாக்குறையைச் சம்பளத்தில் கழிப்போம் என்று எழுதிய தாளில் வாசிக்காமல் கையொப்பமிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு நாள் வைத்திருந்து வாசியுங்கள்.

வீடும் உடம்பும்

“வேலை எப்படி மகள்?” என்று அம்மா கேட்கும்போது ஒவ்வொரு நாளும் முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் நான் ஒருமுறை அழுததற்கு, அடுத்த நாள் மாமா ஒருவர் வேறு வேலை பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். முதல் மாதம் எல்லோருக்கும் களைக்கும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கொப்பியைத் திறக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, காலையில் பஸ் வரும்போது நெஞ்சு அடைக்கிறது என்றால் வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

விட்டுவிடலாமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். மூன்றாம் வாரத்தில் அதற்குப் பதில் தேடாதீர்கள், அப்போது எல்லாமே கசக்கும். மூன்று மாதம் முடியும்போது கொப்பியை எடுத்து, முதல் வாரத்தில் கேட்ட கேள்விகளில் எத்தனை இன்னும் கேட்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் குறைந்திருந்தால் இருங்கள். கடவுச்சொல்லைக் கேட்கிற இடம், எண்ணாத காசுக்குக் கையொப்பம் வாங்குகிற இடம், எழுத்தில் கேட்ட பிறகும் ஆபத்தான வேலையைத் தனியே செய்யவிடுகிற இடம் என்றால் மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை. நியமனக் கடிதத்திலுள்ள முன்னறிவித்தல் காலத்தைப் பார்த்து, எழுத்தில் கொடுத்து, உங்கள் பொறுப்பிலுள்ள பொருட்களை ஒப்படைத்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள்.

நான் விடவில்லை. பங்குனியில் அறுவடைக் காசோடு அந்த மண்டூர் அம்மா அட்டியலை மீட்க வந்தார். உறையைப் பிரித்து மேசையில் வைத்தேன். அவர் தராசைக் காட்டினார்.

“நிறுத்துத் தா மகள். இந்த முறை கல்லோடு நிறு.”

31.4 என்று காட்டியது. அவர் குனிந்து இலக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கழுத்தில் போட்டார்.